போவிஸ் கவுண்டி கவுன்சிலும் நம் மறைமுகத் தேர்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2022 பிப்ரவரி 19 அன்று நம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு ஓட்டுப் போட்டோம். அடுத்த இரண்டரை மாதத்தில், மே 5 அன்று, பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளின் கவுன்சில்களுக்குத் தேர்தல் நடந்தது. கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96 ஒரே அணிக்குப் போய்விட்டதால், மார்ச் 4-இல் நடந்த மேயர் தேர்தலில் மன்றத்துக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. வேல்ஸின் போவிஸ் கவுண்டியிலோ நிலைமை நேர்மாறு. அங்கே 68 இடங்களில், பெரும்பான்மைக்கு வேண்டிய 35 எந்தக் கட்சிக்கும் கிடைக்கவில்லை. இருந்தும் இரண்டு கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைத்தன, தலைவரும் துணைத் தலைவரும் வேறு வேறு கட்சிக்காரர்களாக அமர்ந்தார்கள்.

இந்தத் தூரத்து ஊர்ச் சங்கதியைக் கொங்கு நாட்டு வாசகர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பேரூராட்சியிலோ ஊராட்சி ஒன்றியத்திலோ யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றால் உடனே நாம் எழுதும் சொற்கள் குதிரை பேரம், கட்சித் தாவல், கோரம் இல்லாமல் ஒத்திவைப்பு, குலுக்கல் என்பவைதான். தொங்கு மன்றம் என்றாலே நோய் என்று பழகிவிட்டோம். வேல்ஸ் நாட்டில் பல கவுண்டிகளில் அது சாதாரண நிலை. அங்குள்ளவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அது ஓடவில்லை. எந்த நாளுக்குள் என்ன நடக்க வேண்டும், யாருக்கு எத்தனை நாற்காலி, எது எழுத்தில் இருக்க வேண்டும் என்று வழிமுறை வைத்திருக்கிறார்கள், அதனால் ஓடுகிறது. அந்த வழிமுறையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறோம்.

போவிஸ் எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு ஒரு கணக்கு. பரப்பளவில் அது ஏறக்குறைய நம் ஈரோடு மாவட்டம் அளவு, ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 1,33,000. ஈரோடு மாவட்டத்தில் 2011-லேயே 22 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மலை, ஆட்டுப் பண்ணை, சந்தை கூடும் சிறுநகரங்கள், கவுண்டி அலுவலகம் இருக்கும் லாண்ட்ரிண்டாட் வெல்ஸ் என்ற ஊர், இவ்வளவுதான். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி ராபர்ட் ஓவன் 1771-இல் பிறந்தது இந்தக் கவுண்டியின் நியூடவுனில்தான். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் நம்மூர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல.

வேல்ஸில் இத்தகைய மன்றங்கள் 22. கவுண்டி, கவுண்டி பரோ, மாநகரம் என்று பெயர் மாறினாலும் அதிகாரம் ஒன்றே. 1996 ஏப்ரல் 1 முதல் பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலம், சாலை, குப்பை, கட்டட அனுமதி, நூலகம் எல்லாமே இவற்றின் கையில். நம் மாவட்ட ஊராட்சியோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். அங்கே மன்றம் நின்றுபோனால் முதியவருக்கு வீட்டுப் பராமரிப்பு நின்றுபோகும். ஆகவே 'யார் தலைவர்' என்பதை மாதக்கணக்கில் இழுக்க முடியாது.

இனி முடிவு. 2017-இல் போவிஸில் 73 இடங்கள். சுயேச்சைகள் 30, கன்சர்வேட்டிவ் 19, மீதி மற்றக் கட்சிகளுக்கு. சுயேச்சைகளும் கன்சர்வேட்டிவ்களும் சேர்ந்து 49 பேருடன் ஐந்து ஆண்டு நடத்தினார்கள், தலைவர் ஒரு சுயேச்சை. 2022-க்கு முன் வார்டு மறுவரையறையில் இடங்கள் 68 ஆகக் குறைந்தன. தேர்தலில் லிபரல் டெமாக்ரட் 24, சுயேச்சைகள் 17, கன்சர்வேட்டிவ் 14, தொழிற்கட்சி 9, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 3, பசுமைக் கட்சி 1. லிபரல் டெமாக்ரட்டும் தொழிற்கட்சியும் கூட்டணி சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 33. பசுமைக் கட்சியின் ஒரே உறுப்பினர் துணைநின்றதால் 34. சரிபாதி, ஒன்றுகூட அதிகமில்லை. ஜேம்ஸ் கிப்சன்-வாட் தலைவரானார், தொழிற்கட்சியின் மேத்யூ டாரன்ஸ் துணைத் தலைவர்.

இந்த 34-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம். 68-இல் 34 வைத்திருப்பவர் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எதிர்ப்பக்கத்து ஆட்களோடு பேசித்தான் ஆக வேண்டும்.

தேர்தல் நாள் வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை. எண்ணிக்கை பெரும்பாலும் மறுநாள். பதினாறு வயது நிறைந்தவர்களுக்கு ஓட்டு உண்டு, இந்தத் தேர்தலில் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்பதில்லை. வேட்பாளருக்கு டெபாசிட் கிடையாது. வார்டில் இரண்டு இடம் இருந்தால் வாக்காளர் இரண்டு பெருக்கல் குறி போடலாம். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். சமமாக வந்தால் நம்மைப்போலவே குலுக்கல்தான். அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தால் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்னதாகப் பதிவு முடிந்திருக்க வேண்டும். அடுத்த கவுண்டித் தேர்தல் 2027 மே மாதம்.

ஜெயித்தவர் அன்றே கவுன்சிலர் ஆகிவிடுவதில்லை. வாக்குப்பதிவுக்குப் பின் நான்காம் நாள் பழைய உறுப்பினர்கள் விலகிப் புதியவர்கள் வருவார்கள். 2022-இல் அது மே 9. பதவி ஏற்பு உறுதிமொழியில் இரண்டு மாதத்துக்குள் கையெழுத்திடாவிட்டால் இடம் காலி. அந்த உறுதிமொழியிலேயே நடத்தை விதிகளைக் கடைப்பிடிப்பேன் என்ற வாசகம் சேர்ந்திருக்கிறது. மே 9-இலிருந்து 21 நாளுக்குள் ஆண்டுக் கூட்டம் நடந்தாக வேண்டும். தலைவர் தேர்வு அந்தக் கூட்டத்தில்தான். ஆகப் பேச்சுவார்த்தைக்குக் கிடைப்பது எண்ணிக்கை முடிந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று வாரமும் சில நாட்களும். கெடு சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போட யாருக்கும் வழியில்லை.

முதல் வாரத்தில் நடக்க வேண்டியது குழு அமைப்பது. இதற்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் 1990-ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. இரண்டு உறுப்பினர்களாவது சேர்ந்து, பெயரும் கையெழுத்தும் போட்டு, குழுவின் தலைவர் யார் என்று குறிப்பிட்டு, மன்ற அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தால்தான் அது அரசியல் குழு. கட்சிச் சின்னத்தில் ஜெயித்ததால் மட்டும் குழு ஆகாது. தனி ஒருவர் குழுவாக முடியாது, வேறு குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். சுயேச்சைகளும் இப்படிக் குழு சேர்கிறார்கள். சேராவிட்டால் கமிட்டி நாற்காலிகளில் குழு என்ற முறையில் பங்கு கேட்க முடியாது. புதிதாக ஜெயித்த சுயேச்சைகள் செய்யும் முதல் தவறு இதுதான். 'நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல' என்று கையெழுத்திடாமல் இருந்துவிட்டு, பிறகு தன் ஊர்ச் சாலை பற்றி முடிவெடுக்கும் கமிட்டியில் தனக்கு இடமில்லை என்று கண்டுகொள்வார்கள்.

அடுத்தது ஒரு முக்கியமான பிரிப்பு. கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் வேறு, ஆட்சி நடத்தும் தலைவர் வேறு. ஆண்டுக் கூட்டத்தின் முதல் அலுவல் கூட்டத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. அவர் மணியடித்து, பேச விட்டு, ஓட்டு சமமானால் தீர்மானிக்கும் ஓட்டைப் போடுபவர். கோப்பில் கையெழுத்திடுபவர் அல்ல. அதன்பின் மன்றம் ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் தன் அமைச்சரவையை அமைப்பார். தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு. ஒரே பொறுப்பை இருவர் பகிர்ந்துகொண்டால் மட்டும் சற்றுக் கூடலாம். கல்வி ஒருவருக்கு, நெடுஞ்சாலை ஒருவருக்கு, நிதி ஒருவருக்கு. கூட்டணிக் கட்சிகள் பங்கிடுவது இந்தப் பத்து நாற்காலிகளை.

நம் மாவட்ட ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் நிர்வாகத்தின் முகமும் ஒருவரே. பங்கிட ஒரே நாற்காலி, அதற்கடுத்துத் துணைத் தலைவர் என்று ஒன்று. அதனால்தான் நம்மிடம் காலத்தைப் பங்கிடும் பழக்கம் வந்தது: முதல் இரண்டரை ஆண்டு நீ, அடுத்த இரண்டரை ஆண்டு நான் என்று வாய்ப்பேச்சு. மூன்றாம் ஆண்டு வந்ததும் முதலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். ராஜினாமாக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தாலும் அது செல்லுமா என்ற வழக்கில் மீதிக் காலமும் போய்விடும். காலத்தைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் ஒருவர் முழுப் பலனையும் முதலிலேயே வாங்கிவிடுகிறார், மற்றவர் கையில் வாக்குறுதி மட்டுமே இருக்கிறது. பொறுப்பைப் பங்கிட்டால் இருவரும் ஒரே நாளில் வாங்குகிறார்கள், ஒரே நாளில் இழக்கவும் முடியும். வேல்ஸ் ஏற்பாட்டில் நாங்கள் மதிப்பது முதலில் இதைத்தான்.

அந்த உடன்பாட்டில் என்ன எழுதுகிறார்கள்? உருப்படியான ஒன்றில் இவை இருக்க வேண்டும். தலைவர் பதவி எந்தக் குழுவுக்கு, துணை எந்தக் குழுவுக்கு, அமைச்சரவையில் யாருக்கு எத்தனை, எந்தெந்தப் பொறுப்பு. இரு கட்சிகளின் தேர்தல் வாக்குறுதிகளில் எவற்றை இருவரும் ஏற்கிறார்கள், எவற்றை ஐந்தாண்டும் தொட மாட்டார்கள். ஒரு கட்சியின் அமைச்சர் தன் துறையில் முடிவெடுக்கும் முன் மற்றக் கட்சிக்கு எத்தனை நாள் முன்பு காகிதத்தைக் காட்ட வேண்டும். பட்ஜெட்டுக்கு இரு குழுவும் ஓட்டளிக்கக் கட்டுப்பட்டவை என்ற வாசகம். எந்தெந்த விஷயத்தில் அவரவர் மனப்படி ஓட்டளிக்கலாம் என்ற விலக்கு. சச்சரவு வந்தால் யார் யார் உட்கார்ந்து பேசுவது. உடன்பாட்டை எப்போது மறுபார்வை செய்வது. முறித்துக்கொள்வதானால் எத்தனை நாள் அறிவிப்பு. கடைசி இரண்டையும் எழுத வெட்கப்படுவார்கள். கல்யாணத்தன்று விவாகரத்துப் பேச்சா என்று தோன்றும். ஆனால் எழுதாத இடத்தில்தான் முறிவு நடுக்கூட்டத்தில் வெடிக்கும்.

ஒன்றை மட்டும் உடன்பாட்டில் எழுதக் கூடாது. கட்டட அனுமதி, உரிமம் வழங்கும் கமிட்டிகளில் உறுப்பினர்கள் கட்சிக் கட்டளைப்படி ஓட்டளிக்கக் கூடாது. விண்ணப்பத்தையும் சட்டத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'இந்தக் காற்றாலைக்கு நாம் இருவரும் எதிர்ப்பு' என்று கூட்டணி எழுதிவிட்டால் அந்த ஒரு வரியை வைத்தே முடிவை நீதிமன்றத்தில் உடைத்துவிடலாம்.

உடன்பாடு எழுதியதோடு வேலை முடிவதில்லை. அரசியல் காகிதம் மன்றத்தின் காகிதமாக மாற வேண்டும். அதிகாரிகள் செயல்படுத்துவது கட்சிகளின் உடன்பாட்டை அல்ல, மன்றம் நிறைவேற்றிய திட்டத்தை. போவிஸில் 'வலிமை, நியாயம், பசுமை' என்ற பெயரில் மன்றத் திட்டமாக அது வந்தது. இந்த மாற்றத்துக்குப் பல மாதம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் முந்தைய ஆட்சியின் பட்ஜெட்டே ஓடும். மே மாதம் பதவிக்கு வருபவருக்கு அந்த நிதியாண்டின் பணம் ஏற்கெனவே மார்ச்சில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். புதிய கூட்டணி முதல் ஆண்டில் ஒன்றும் செய்யவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதனால் வருவது.

கமிட்டி இடங்களின் கணக்கு இன்னும் சுவையானது. அமைச்சரவை எந்த விகிதத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, மற்றக் கமிட்டிகள் கட்டுப்பட்டவை. போவிஸ் எண்களை வைத்து 14 பேர் கொண்ட ஒரு கமிட்டியைப் போட்டுப் பார்ப்போம். சுயேச்சைகள் 17 பேரும் ஒரே குழுவாகச் சேர்ந்ததாகக் கொள்வோம். 24-ஐ 68-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் 4.94. சுயேச்சைகளுக்கு 3.5, கன்சர்வேட்டிவுக்கு 2.88, தொழிற்கட்சிக்கு 1.85, பிளைட் கம்ரிக்கு 0.62. முழு எண்களை முதலில் கொடுத்தால் 4, 3, 2, 1, 0, ஆகப் பத்து. மீதி நான்கு இடங்கள் பின்னம் பெரிதாக உள்ளவர்களுக்குப் போகும்: 0.94, 0.88, 0.85, 0.62. முடிவு 5, 3, 3, 2, 1. மூன்றே பேர் வைத்திருக்கும் கட்சிக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அரை இடத்தை இழந்த சுயேச்சைகள் வேறு கமிட்டியில் ஈடு பெறுவார்கள், ஏனெனில் எல்லாக் கமிட்டிகளின் மொத்த நாற்காலிகளிலும் விகிதம் சரியாக வர வேண்டும் என்பது விதி. சுயேச்சைகள் இரண்டு குழுவாகப் பிரிந்தால் கணக்கு அப்படியே மாறும். எட்டும் ஒன்பதுமாகப் பிரிந்தால் 1.65, 1.85. இரண்டுமே இரண்டிரண்டு இடம் கேட்கும், பிளைட் கம்ரியின் இடம் பறிபோகும். இதைத் தெரிந்தவர்கள் குழு அறிவிப்பைக் கடைசி நாள் வரை வைத்திருந்து கொடுப்பார்கள். அடுத்து யாராவது குழு மாறினாலும் மறுகணக்குப் போட வேண்டும். கூட்டணிப் பேச்சுக்கு வருபவர் கால்குலேட்டரோடு வர வேண்டும் என்பது விளையாட்டுப் பேச்சல்ல.

அமைச்சரவையை யார் கேள்வி கேட்பது? அமைச்சரவையில் இல்லாத உறுப்பினர்களைக் கொண்ட ஆய்வுக் கமிட்டிகள் உண்டு. அமைச்சர் எடுத்த முடிவு வெளியானதும் சில வேலைநாட்களுக்கு அது அமலுக்கு வராமல் நிற்கும், அதற்குள் ஆய்வுக் கமிட்டி அதைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கலாம். 2011-ஆம் ஆண்டு வேல்ஸ் சட்டம் இக்கமிட்டிகளின் தலைமைப் பதவிகளையும் குழுக்களுக்கிடையே பங்கிடச் சொல்கிறது. ஆளுங்கூட்டணி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது. அதைவிட எங்களுக்குப் பிடித்தது தணிக்கைக் கமிட்டி. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒருவர் கவுன்சிலர் அல்லாத வெளியாள், தலைவரும் வெளியாள். மன்றக் கூட்டத்தை நேரலையாக ஒளிபரப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம். எந்தக் கவுன்சிலர் எப்படிக் கை தூக்கினார் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கூட்டணியின் உண்மையான பரீட்சை பிப்ரவரி, மார்ச் மாதங்களில். வேல்ஸ் அரசின் மானிய அறிவிப்பு பெரும்பாலும் டிசம்பரில் வரும். அதை வைத்து வரவு செலவைச் சரிக்கட்ட வேண்டும், பற்றாக்குறை பட்ஜெட் போடச் சட்டம் விடாது. வீட்டு வரியை மார்ச் 11-க்குள் நிர்ணயித்தாக வேண்டும். அமைச்சரவை பரிந்துரைக்கலாமே தவிர, நிர்ணயிக்கும் உரிமை முழு மன்றத்துக்கே. 34 பேர் வைத்திருக்கும் கூட்டணியில் அன்று ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் தீர்ந்தது. அதனால் கெட்டிக்காரக் கூட்டணிகள் ஜனவரியிலேயே எதிர்க்குழுக்களுக்கு எண்களைக் காட்டி, திருத்தங்களைக் கேட்டு, அவற்றில் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். ஏதோ ஒரு கிராமத்து நூலகம் மூடப்படாமல் தப்புவது பல சமயம் இந்த ஜனவரிப் பேச்சில்தான். பெரும்பான்மை வைத்திருப்பவர் இந்தச் சிரமத்தைப் படுவதில்லை.

கூட்டணி எப்போதும் நல்லதாகவே முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. கார்மார்தன்ஷயரில் 2012-இல் 74 இடங்களில் பிளைட் கம்ரி 28 பெற்று முதலிடம் வந்தது. ஆட்சிக்கு வந்ததோ 23 பெற்ற தொழிற்கட்சியும் 22 சுயேச்சைகளும். 2015-இல் சுயேச்சைகள் பக்கம் மாறி பிளைட் கம்ரியோடு சேர்ந்தார்கள், தேர்தல் இல்லாமலே ஆட்சி மாறியது. 2017-இல் பிளைட் கம்ரி 36, சுயேச்சைகளோடு மறுபடியும் கூட்டு. 2022-இல் 75 இடங்களில் 38 பெற்றுப் பெரும்பான்மை பிடித்தது. ஆனால் அந்தத் தேர்தலில் அதன் தலைவரே தன் வார்டில் தோற்றார். நீத் போர்ட் டால்பட்டில் 2022-இல் தொழிற்கட்சி 60-இல் 27 பெற்று மற்ற எல்லோரையும்விட முன்னால் நின்றும் எதிர்வரிசைக்குப் போனது, சுயேச்சைகளும் பிளைட் கம்ரியும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார்கள். மான்மத்ஷயரில் 46-இல் 22 பெற்ற தொழிற்கட்சி முதலில் கூட்டணி இல்லாமல் சிறுபான்மையாகவே தொடங்கியது, பசுமைக் கட்சி உறுப்பினர் அமைச்சரவைக்கு வந்தது பிறகு. முதலில் வந்தவருக்கே தலைமை என்று அங்கே விதி கிடையாது. மன்றத்தில் ஓட்டு வாங்குபவருக்குத் தலைமை. தேர்தலில் இரண்டாம் இடம் வந்தவர்கள் ஆளும்போது வாக்காளருக்கு மனம் புண்படுவது இயல்பு, அதை மறைக்கத் தேவையில்லை. புண்ணை ஆற்றுவது, எதற்காகச் சேர்ந்தோம் என்று அவர்கள் வெளியிடும் காகிதம்தான்.

நம் வழக்கமான தேர்தலுக்கு முந்தைய கூட்டணியையும் அங்கே சிலர் முயன்றார்கள். கார்டிஃப் மாநகரில் 2022-இல் பிளைட் கம்ரியும் பசுமைக் கட்சியும் ஒரே பெயரில் சேர்ந்து நின்றன. 79-இல் கிடைத்தது 2, தொழிற்கட்சிக்கு 55. இன்னொரு பக்கம் ஆளே இல்லாத குறை. அந்த ஆண்டு வேல்ஸ் முழுவதும் 74 பேர் அன்னபோஸ்ட்டாக ஜெயித்தார்கள். கவுன்சிலருக்கு ஆண்டு ஊதியம் 16,800 பவுண்டு என்று உயர்த்தியும் நிற்க ஆள் வரவில்லை. நம் கிராமங்களில் பதவியை ஏலம் விட்டு அன்னபோஸ்ட் ஆக்குவது வேறு நோய். இரண்டிலும் வாக்காளர் கையில் சீட்டு வருவதில்லை என்பது மட்டும் ஒன்று.

இப்போது நம் பக்கம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்ந்தெடுத்த ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்களிடம் போனது. 2016 முதல் 2019 வரை மூன்று ஆண்டு அப்படிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாநகராட்சி, நகராட்சிகளின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை, ஐந்தாண்டுக்கு மேல் நீட்டக் கூடாது என்பது ஊராட்சிகளுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 243-இ, நகராட்சிகளுக்கு 243-யு. அதைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே நிறைய எழுதியாகிவிட்டது. தேர்தல் நடந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

சட்டத்தை மாற்றாமலே செய்யக் கூடியவை உண்டு. நம் சட்டத்திலும் கமிட்டிகள் இருக்கின்றன. மாவட்ட ஊராட்சிக்கு விவசாயம், கல்வி, சுகாதாரம், பொதுப்பணி என்று நிலைக்குழுக்கள். நகராட்சிக்கு நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. மாநகராட்சிக்கு மண்டலத் தலைவர்களும் நிலைக்குழுத் தலைவர்களும். இவற்றை ஒரே அணி அள்ளிக்கொள்வதும், கூட்டமே நடத்தாமல் மினிட் புத்தகத்தில் மட்டும் கையெழுத்து வாங்குவதும்தான் பழக்கமாக இருக்கிறது. பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் தலைவர் நாற்காலிக்கு ஓட்டளிப்பவர், பதிலுக்கு இரண்டரை ஆண்டு வாக்குறுதியைக் கேட்பதை விட்டு, ஒப்பந்தக் குழுவில் இடத்தையும் ஒரு நிலைக்குழுவின் தலைமையையும் முதல் நாளே கேட்டு வாங்கட்டும். டெண்டர் ஒளிவுமறைவில்லாமல் திறக்கப்படுகிறதா என்று பார்க்கும் நாற்காலி, துணைத் தலைவர் என்ற பட்டத்தைவிடக் கனமானது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பற்றது, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஒன்றியம், மாவட்டம், நகர மன்றங்களுக்குத்தான் இது.

மாவட்டத் திட்டக் குழுவையும் சேர்த்துக் கொள்ளலாம். 243-இசட்.டி பிரிவின்படி அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேரை மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடங்களையும் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிட எதுவும் தடையில்லை.

நம் மறைமுகத் தேர்தலில் ஓட்டு ரகசியமானது, வேல்ஸில் தெரிவதுபோல யார் எந்தப் பக்கம் என்று இங்கே மன்றத்திலேயே தெரிவதில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் பாராளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். கேரளம் உள்ளாட்சிக்கும் அப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆகவே எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு நம் மன்றங்களுக்குக் கூடுதலாகவே தேவை. உடன்பாட்டை நீதிமன்றம் அமல்படுத்தாது. வேல்ஸிலும் அதை நிற்க வைப்பது ஊர் அறிந்த காகிதம் என்பது ஒன்றே.

கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2,07,000 ஏக்கரும் ஒரே போகத்தில் நனைவதில்லை. ஒரு பாதி 1,03,500 ஏக்கருக்கு இந்தப் போகம், மறு பாதிக்கு அடுத்த போகம். எந்தத் தேதி திறப்பது, எந்த மதகு, எவ்வளவு தண்ணீர் என்று ஆணையில் எழுதித்தான் திறக்கிறார்கள். கடைமடை விவசாயி தலைமடைக்காரரின் நல்ல மனத்தை நம்பி நாற்று விடுவதில்லை, ஆணையில் உள்ள தேதியை நம்பி விடுகிறார். தண்ணீருக்கு ஒப்புக்கொண்ட ஒழுங்கை மன்றத்துக்கு ஒப்புக்கொள்ள நமக்கென்ன தடை?

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எந்த மன்றத்தில் பெரும்பான்மை இல்லையோ, அங்கே மறைமுகத் தேர்தல் அறிவிப்பு வந்த அன்றே உங்கள் நிருபர் கட்சிகளிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். தலைவர், துணைத் தலைவர் தவிர எந்தக் குழு யாருக்கு? முதல் பட்ஜெட்டில் எந்த மூன்று வேலைகளுக்குப் பணம்? ஒப்பந்தக் குழுவில் எதிர்த்தரப்புக்கு இடம் உண்டா? பிரிவதானால் எத்தனை நாள் அறிவிப்பு? பதிலை எழுத்தில் வாங்கி, கையெழுத்தோடு அப்படியே அச்சிடுங்கள். எழுதித் தர மறுக்கும் கட்சியின் பெயரையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உள்ளாட்சிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற வாசகர்கள்,
கோபிசெட்டிபாளையம்.